ஒரே மதிப்பெண் பட்டியல், இரண்டு கணக்கு

கணிதம் 84, இயற்பியல் 72, வேதியியல் 78, கணினி அறிவியல் 92. ஒரு பிளஸ் டூ மாணவியின் மதிப்பெண் பட்டியல் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பொறியியல் கலந்தாய்வில் கணிதம் 100-க்கு அப்படியே சேரும். இயற்பியலும் வேதியியலும் பாதியாகும். 84, 36, 39 என்று கூட்டினால் 200-க்கு 159. அதே பட்டியலை அரசு கலை அறிவியல் கல்லூரிக்குக் கொண்டுபோனால் நான்கு பாடமும் முழுதாகச் சேர்ந்து 400-க்கு 326. கணினி படிக்கத்தான் இவ்வளவு பாடு. அந்தக் கணினிப் பாடத்தில் வாங்கிய 92 பொறியியல் கட் ஆஃபில் ஒரு மார்க் கூடச் சேராது. கலைக் கல்லூரியின் தரவரிசையிலோ அதுதான் கைகொடுக்கும்.

இதைத் தெரிந்துகொள்ளாமலே பல வீடுகளில் முடிவு எடுக்கப்படுகிறது. மணலூர்பேட்டை போன்ற ஊரில் விசாரிக்க வேண்டிய இடங்களும் அதிகம். தை 5-ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தென்பெண்ணைத் தீர்த்தவாரிக்கு வந்து போகும் ஊர் இது. ஊர் இருப்பது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில். பேருந்து ஏறினால் ஒரு பக்கம் திருக்கோவிலூர், மறுபக்கம் திருவண்ணாமலை. திருக்கோவிலூர், கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கலைக் கல்லூரிகள் 2021-க்குப் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. திருவண்ணாமலையில் இருப்பவை வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. பி.எஸ்சி. கணினி அறிவியல் என்ற பெயர் இரண்டிலும் ஒன்றே. பாடத்திட்டத்தையும் பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்திருக்க வேண்டும் என்ற விதியையும் ஒவ்வொரு பக்கமும் தனித்தனியே பார்த்தாக வேண்டும்.

பி.இ.-யா, பி.எஸ்சி.-யா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பணம்தான் பதில் சொல்கிறது. நான்கு ஆண்டு பொறியியல் செலவு, மூன்று ஆண்டு அரசுக் கல்லூரி சிக்கனம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு 2021-இலேயே தலைகீழாகிவிட்டது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கலந்தாய்வு வழியாகச் சேரும் தனியார் கல்லூரிக்கும் இது பொருந்தும்; நிர்வாக ஒதுக்கீட்டில் நேராகப் போய்ச் சேர்ந்தால் பொருந்தாது. 'பொறியியல் நமக்குக் கட்டுப்படியாகாது' என்று விண்ணப்பமே போடாமல் இருந்துவிடும் வீடுகளுக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தி இதுதான். இதை யாரும் சொல்லாததால் ஒரு பிள்ளைக்குக் கை நழுவிப் போகும் நான்கு ஆண்டுகளை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் பொறியியலுக்கும் உண்டு, கலைக் கல்லூரிக்கும் உண்டு. அதை வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

பணத்துக்கு அடுத்து எடைபோட வேண்டியது கணிதம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் பி.இ. கணினி அறிவியல் மாணவருக்கு முதல் பருவத்தில் பைத்தானோடு அணிகளும் நுண்கணிதமும் வந்தன. அடுத்துப் புள்ளியியல், தனிநிலைக் கணிதம். அதற்குப் பிறகு கணிப்பியல் கோட்பாடு, கம்பைலர் வடிவமைப்பு. பள்ளியில் கணிதம் என்றாலே ஒதுங்கிப்போன பிள்ளைக்கு இரண்டாம் ஆண்டுக்குள் அரியர் விழ வாய்ப்பு அதிகம். பி.எஸ்சி.யில் கணிதம் துணைப்பாட அளவோடு நின்றுவிடும். சி, ஜாவா, தரவுத்தளம், இயங்குதளம் எல்லாம் அங்கேயும் உண்டு. பி.சி.ஏ. இன்னும் கொஞ்சம் பயன்பாட்டுப் பக்கம் சாய்ந்தது. வணிகவியலோடு கணினிப் பயன்பாடு எடுத்தவர்களுக்குப் பி.இ. கதவு மூடியே இருக்கும், பி.சி.ஏ. பல கல்லூரிகளில் திறந்திருக்கும். எம்.சி.ஏ. 2020-இலிருந்து இரண்டே ஆண்டு. ஆகவே பி.சி.ஏ.வோடு எம்.சி.ஏ.வும் சேர்த்தால் ஐந்து ஆண்டு, பி.இ.யைவிட ஓர் ஆண்டுதான் கூடுதல். பி.எஸ்சி., பி.சி.ஏ. பட்டதாரிகளை வேலைக்கு எடுத்து எம்.டெக். படிக்க வைக்கும் திட்டத்தை விப்ரோ நடத்தி வருகிறது. மூன்றாண்டுப் பட்டத்தைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை.

பாடப் பெயர்களில் ஒரு மயக்கம் இருக்கிறது. கணினி அறிவியலுக்குப் பி.இ. என்றும், தகவல் தொழில்நுட்பம், செயற்கை நுண்ணறிவு மற்றும் தரவு அறிவியல் ஆகியவற்றுக்குப் பி.டெக். என்றும் அண்ணா பல்கலைக்கழகம் பட்டம் தருகிறது. இரண்டுக்கும் மதிப்பு ஒன்றே; முதலாண்டுப் பாடங்களும் பெரும்பாலும் ஒன்றே. 2024-25-இல் ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. பல தனியார் கல்லூரிகளில் கணினி சார்ந்த இடங்கள் பெருகின. இடம் பெருகிய அளவுக்கு ஆசிரியரும் ஆய்வகமும் பெருகியிருக்கின்றனவா என்று கேட்காமல், பெயரில் செயற்கை நுண்ணறிவு இருக்கிறது என்பதற்காகச் சேர்வது சரியல்ல. விழுப்புரம், திண்டிவனம், ஆரணி ஆகிய மூன்று ஊர்களில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. புதுப் பெயர்ப் பாடம் உள்ள அறியாத கல்லூரியைவிட, இவற்றில் ஒன்றில் சாதாரணக் கணினி அறிவியல் கிடைத்தால் அதை மேலே வைப்பதே நல்லது. விழுப்புரம் என்றால் திருக்கோவிலூரிலிருந்து ரயிலும் உண்டு.

பதிவுக்கு வருவோம். பொறியியல் விண்ணப்பத்துக்கு 500 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 250. அரசு கலைக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பம் 50 ரூபாயில் முடிந்துவிடும், அதிலேயே ஐந்து கல்லூரி வரை குறிக்கலாம். பழங்குடி, பட்டியல் சாதியினருக்கு 2 ரூபாய். இரண்டையும் போட்டுவைப்பதுதான் புத்தி. ஒன்றைப் போட்டால் மற்றொன்று செல்லாது என்பது யாரோ கிளப்பிவிட்ட பேச்சு.

பொறியியலில் பலர் சறுக்குவது விருப்பப் பட்டியலில்தான். 'நம்ம கட் ஆஃபுக்கு இது வராது' என்று நல்ல கல்லூரியைக் கீழே தள்ளி, நிச்சயம் கிடைக்கும் என்று நினைப்பதை முதலில் போடுகிறார்கள். மென்பொருள் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வரும். முதலில் காலியாக இருப்பதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். கிடைக்காத இடத்தை மேலே வைப்பதால் கீழே இருப்பது பறிபோகாது. எனவே ஆசையின் வரிசையிலேயே பட்டியல் போட வேண்டும், நீளமாகவும் போட வேண்டும். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் நிறைய இருப்பதால் பெயரை நம்பாமல் கலந்தாய்வு எண்ணைச் சரிபார்ப்பது அவசியம். கிண்டிப் பொறியியல் கல்லூரிக்கு எண் 1. மற்றவற்றுக்கும் இப்படி ஒவ்வோர் எண் உண்டு.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் சில நாள்தான் அவகாசம். வந்த இடத்தை ஏற்றுச் சேரலாம். அல்லது அதை ஏற்றுக்கொண்டே மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தவருக்குப் பட்டியலில் மேலே உள்ள இடம் கிடைத்துவிட்டால் கீழ் இடம் தானாகப் போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. மேலே போட்டதெல்லாம் உண்மையாகவே வேண்டும் என்றால்தான் இதை அழுத்த வேண்டும். எதையுமே உறுதிசெய்யாமல் தேதியைத் தவறவிட்டால் கையில் வந்த இடமும் போய்விடும். 7.5 ஒதுக்கீட்டு மாணவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: இடம் எந்தப் பிரிவில் வந்திருக்கிறது என்பதை. கட்டணச் சலுகை அந்த ஒதுக்கீட்டில் வந்த இடத்துக்குத்தான்.

சான்றிதழ்கள் முடிவு வருவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கான சான்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அண்ணனோ அக்காவோ பட்டம் பெற்றிருந்தால் அது கிடைக்காது. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றில் தனி நெருக்கடி உண்டு. மற்றவர்களுக்குச் சாதிச் சான்று வட்டாட்சியர் அலுவலகத்தோடு முடியும்; பழங்குடிச் சான்றைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணைக்கு நாள் பிடிக்கும். வெள்ளிமலைப் பக்கத்துப் பிள்ளை பதினொன்றாம் வகுப்பிலேயே அதற்கு எழுதிப் போட்டுவிடுவது நல்லது.

இன்னொரு வழியும் இருக்கிறது, கட் ஆஃபே கேட்காத வழி. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்பு. பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்தவரும் விண்ணப்பிக்கலாம். நான்கு வாரம் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேர்க்கை. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணத்தில் பெரும்பகுதி தள்ளுபடி உண்டு. பாடம் ஆங்கிலத்தில், வேகம் அதிகம், தினமும் தானாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் வேண்டும். இடையில் நிறுத்தினால் அதுவரை முடித்ததற்குச் சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று யு.ஜி.சி. 2022 ஏப்ரலில் அனுமதித்துவிட்டது. அதனால் திருக்கோவிலூரில் பி.எஸ்சி. படித்துக்கொண்டே இதையும் தொடரலாம். வகுப்புதான் வீட்டிலிருந்து, தேர்வை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில். ஆகவே தேர்வு நகரத்தைக் குறிக்கும் முன், அன்று விடியற்காலையில் மணலூர்பேட்டையிலிருந்து அந்த ஊருக்கு நேரத்தோடு போய்ச்சேரப் பேருந்து இருக்கிறதா என்று கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும்.