வீட்டுத் தொழில் பாடம்: இயந்திரத்தில் செதுக்கிய கோஸ்டருக்கும் சுவர்ப் பலகைக்கும் வண்ணமும் மெருகும்



வீட்டிலிருந்தபடியே ஹலாலான வருமானம் தேடும் குடும்பங்களுக்காக இந்தப் பாடத்தை எழுதுகிறோம். மேசையில் டீ டம்ளருக்கு அடியில் வைக்கும் சிறு தட்டைக் கோஸ்டர் என்கிறோம். வீட்டுப் பெயர், துஆ, ஆயத், மதரஸா விழாக் கேடயம் ஆகியவற்றைச் செதுக்கிச் சுவரில் மாட்டுவது சுவர்ப் பலகை. இவற்றை வெட்ட நாம் இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. கதவுக்குப் பூ வேலை செய்து தரும் சி.என்.சி. கடையில் படத்தைக் கொடுத்தால் கூலிக்கு வெட்டித் தருவார்கள். மருங்காபுரி, துவரங்குறிச்சிப் பக்கத்தில் இருப்பவர்கள் மணப்பாறை, திருச்சி, மதுரைக் கடைகளில் விசாரிக்கலாம்.

ஆனால் அதே படத்தை அதே கடையில் யார் கொடுத்தாலும் அதே போலத்தான் வெட்டி வரும். நம் பொருளை வேறுபடுத்துவது அதன் பிறகு நாம் செய்யும் வேலைதான்.

சென்னப்பட்டணம் காட்டும் வழி

பெங்களூரு - மைசூரு சாலையில் உள்ள சென்னப்பட்டணம் மர பொம்மைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே இத்தொழிலில் முஸ்லிம் குடும்பங்கள் பல தலைமுறையாக உள்ளன. வெட்பாலை மரத்தைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு உருவம் கொடுக்கிறார்கள். சுழலும் மரத்தின் மேல் வண்ணம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படிகிறது. பிறகு காய்ந்த தாழை ஓலையால் தேய்த்து மினுமினுப்பு ஏற்றுகிறார்கள். இயந்திரக் கடைசல் எந்த ஊரிலும் உண்டு. அந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது அரக்கு வேலைதான். நாமும் அதே போல் மெருகு வேலையில்தான் கவனம் செலுத்த வேண்டும்.

பலகையைத் தேர்ந்தெடுத்தல்

தேக்கு, மா, வேம்பு, ரப்பர் மரத் துண்டுகள் இதற்கு ஏற்றவை. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. மெருகு பூசும் முன் தின்னர் நனைத்த துணியால் துடைத்தால்தான் பூச்சு நன்றாகப் பிடிக்கும். எம்.டி.எஃப். பலகை மலிவு, வெட்டும் சுத்தமாக வரும். ஆனால் ஈரம் பட்டால் ஊதிவிடும். கோஸ்டருக்கு ஈரத்தை ஓரளவு தாங்கும் எச்.டி.எச்.எம்.ஆர். பலகை மேல். எம்.டி.எஃப். பலகையைச் சுவரில் மாட்டுபவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வேலையின் ஒழுங்கு

1. தேய்த்தல்: முதலில் 120, அடுத்து 180, கடைசியில் 220 எண் உப்புத்தாள். ரேகை ஓடும் திசையில் மட்டும் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் விழும் கீறல் மெருகு ஏறிய பிறகு பளிச்சென்று தெரியும். பள்ளங்களில் நிற்கும் நார்ப் பிசிறைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலும் மடித்த உப்புத்தாளாலும் எடுக்கலாம். எழுத்தின் விளிம்பு மழுங்குமளவு தேய்க்கக் கூடாது.

2. அடிப்பூச்சு: வெட்டுப்பட்ட இடமும் ஓரமும் வண்ணத்தை உறிஞ்சும். எம்.டி.எஃப். இன்னும் அதிகம் உறிஞ்சும். அதனால் முன், பின், ஓரம் எல்லாவற்றுக்கும் இரண்டு முறை சாண்டிங் சீலர் பூசி, காய்ந்ததும் 320 எண் தாளால் மெல்லத் தேய்த்துத் தூசியைத் துடைக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் பூசினால் பலகை நாளடைவில் வளைந்துவிடும்.

3. பள்ளத்தில் வண்ணம்: சீலர் நன்கு காய்ந்த பின் மெல்லிய பிரஷ்ஷால் அக்ரிலிக் வண்ணத்தைப் பள்ளத்தில் நிரப்புங்கள். வண்ணம் மேற்பரப்பில் வழிந்தால் பயப்பட வேண்டாம். காய்ந்ததும் தட்டையான கட்டையில் 220 எண் தாளைச் சுற்றி மேற்பரப்பைத் தேய்த்தால் பள்ளத்தில் உள்ள வண்ணம் மட்டும் நிற்கும். சீலர் இல்லாத மரத்தில் இதைச் செய்தால் வண்ணம் ரேகை வழியே கசிந்து எழுத்தைச் சுற்றிக் கறையாகும். பெரும்பாலான பலகைகள் கெடுவது இப்படித்தான்.

4. மேல்பூச்சு: சுவர்ப் பலகைக்கு இரண்டு பூச்சு போதும். பிரெஞ்சு பாலிஷும் பூசலாம். கோஸ்டருக்கு அது ஆகாது. பிரெஞ்சு பாலிஷ் அரக்கில் செய்வது, சூடான டம்ளரும் ஈரமும் பட்டால் வெள்ளை வளையம் விழும். கோஸ்டருக்குப் பி.யூ. பூச்சு எல்லாப் பக்கமும் மூன்று முறை வேண்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் டப்பாவில் எழுதியுள்ள நேரம் காய விடுங்கள். அடியில் கார்க் தாள் ஒட்டினால் மேசை கீறாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றில் ஈரம் அதிகம். அப்போது என்.சி. லாக்கர் போன்ற வேகமாகக் காயும் பூச்சு வெளுத்துப் பால் படிந்தது போலாகும். வெயில் வந்த பிறகு பூசுவது நல்லது.

விற்கும் முன் ஒரு கோஸ்டரைச் சோதித்துப் பாருங்கள். ஒரு வாரம் காய விட்டு, கொதிக்கும் டீ டம்ளரை அதன் மேல் பத்து நிமிடம் வையுங்கள். பிறகு ஈர டம்ளரை இரவு முழுக்க வையுங்கள். வளையமோ ஒட்டலோ ஊதலோ இல்லையென்றால் மற்றவற்றை அட்டைப் பெட்டியில் அடுக்கலாம். இடையில் பட்டர் பேப்பர் வையுங்கள்.

அரபி எழுத்தில் ஒரு புள்ளி

நம் மக்கள் அதிகம் கேட்பது பிஸ்மில்லாஹ், ஆயத்துல் குர்ஸி போன்ற பலகைகள். இங்கே அழகை விடப் பெரிய பொறுப்பு ஒன்று இருக்கிறது. அரபியில் பா, தா, ஸா என்ற மூன்று எழுத்துக்கும் உருவம் ஒன்றே. கீழே ஒரு புள்ளி இருந்தால் பா, மேலே இரண்டு என்றால் தா, மூன்று என்றால் ஸா. ஜீம், ஹா, கா என்ற மூன்றிலும் இதே நிலை. நாம் அதிகமாகத் தேய்த்து ஒரு புள்ளி அழிந்தாலும், வண்ணம் வழிந்து இரண்டு புள்ளி ஒன்றானாலும், சொல்லே மாறிவிடும். வாங்கியவர் வீட்டில் அந்தப் பிழை ஆண்டுக்கணக்கில் சுவரில் தொங்கும்.

ஆகவே படத்தை இயந்திரத்துக்குக் கொடுக்கும் முன் ஓர் ஆலிமிடம் அச்சிட்டுக் காட்டுங்கள். மெருகு முடிந்ததும் முஸ்ஹஃபை அருகில் வைத்து எழுத்து எழுத்தாக மீண்டும் ஒப்பிடுங்கள். புள்ளிகளைக் கடைசியில், மிகச் சிறிய பிரஷ்ஷால் தனியாக நிரப்புவது பாதுகாப்பு. கெட்டுப்போன பலகையைக் குப்பையிலோ அடுப்பிலோ போடாமல், எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, எப்படி அப்புறப்படுத்துவது என்று இமாமிடம் கேளுங்கள்.

கோஸ்டரில் அல்லாஹ்வின் பெயரோ ஆயத்தோ வேண்டாம். அதன் மேல் எச்சில் டம்ளர் வைப்பார்கள், தரையிலும் விழும். எட்டு முனை நட்சத்திரம், கொடி, பூ போன்றவை கோஸ்டருக்கு அழகாக இருக்கும், எல்லா மதத்தவரும் வாங்குவார்கள்.

வீட்டில் பாதுகாப்பு

எம்.டி.எஃப். தூசி மிக நுண்ணியது, மூச்சுக்குக் கேடு. முகக்கவசம் அணிந்து முற்றத்தில் தேய்க்க வேண்டும். தின்னர் ஆவி எளிதில் தீப்பிடிக்கும், அடுப்படியில் அந்த வேலை கூடாது. இரண்டு பாகம் கலக்கும் பி.யூ.வை வீட்டுக்குள் ஸ்பிரே செய்யாதீர்கள். காற்றோட்டமான இடத்தில் பிரஷ்ஷால் பூசினால் போதும். வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற மத்திய அரசு விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. டப்பாவில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குழந்தைகள் கைபடும் பொருள் இது.

விலையும் நேர்மையும்

ஒரு மாதிரிக் கணக்கு. ஆறு கோஸ்டர் கொண்ட செட்டுக்குப் பலகையும் வெட்டுக் கூலியும் ரூ.120, சீலர், வண்ணம், பி.யூ. ரூ.60, கார்க் ரூ.20, பெட்டி ரூ.30. மொத்தம் ரூ.230. இரண்டரை மணி நேர உழைப்பு, மணிக்கு ரூ.60 வீதம் ரூ.150. கெட்டுப்போவதற்குப் பத்தில் ஒரு பங்கு ரூ.38. அடக்கம் ரூ.418. இதைக் கடையில் ரூ.450 விலைக்கு வைத்து, கடைக்காரர் 30 சதவீதம் எடுத்தால் நம் கைக்கு வருவது ரூ.315 மட்டுமே. அதாவது நம் கூலியை நாமே இழக்கிறோம். கடை வழியே விற்க வேண்டுமென்றால் விலை ரூ.600 ஆக வேண்டும். நேரடியாக விற்றால் ரூ.450 போதும். நிக்காஹ் அன்பளிப்பு, மதரஸா ஆண்டு விழா, மகளிர் சுய உதவிக்குழுக் கண்காட்சி ஆகியவை நேரடி விற்பனைக்கு ஏற்றவை. கடனுக்கு முன் பத்து செட் செய்து விற்றுப் பாருங்கள்.

பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச் சிற்பங்களுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் உளியால் கையில் செதுக்குபவர்கள், அந்த உழைப்புக்கு உரிய விலை கேட்கிறார்கள். இயந்திரத்தில் வெட்டியதைக் கைச்செதுக்கு என்று சொல்லி விற்பது வாங்குபவரை ஏமாற்றுவது, அந்தத் தொழிலாளியின் பங்கையும் எடுப்பது. எம்.டி.எஃப். மேல் தேக்கு நிறம் பூசித் தேக்கு என்பதும் அப்படியே. மதீனா சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபி (ஸல்) அவர்கள், உள்ளே ஈரத்தைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டு எச்சரித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. பொருளின் பின்பக்கம் சிறு சீட்டு ஒட்டுங்கள்: என்ன பலகை, இயந்திரச் செதுக்கு, கையால் வண்ணமும் மெருகும், எப்படித் துடைப்பது. இதைப் படித்து வாங்கியவர் மறுமுறையும் நம்மைத் தேடி வருவார்.

வீட்டில் செய்து பார்க்க

ஒரே பலகையில் இரண்டு துண்டு எடுங்கள். ஒன்றில் சீலர் பூசியும் மற்றதில் பூசாமலும் பள்ளத்தில் வண்ணம் நிரப்பித் தேய்த்துப் பாருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். நம் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக, ஆமீன்.