மேடையோரத்தில் ஒரு திருப்பணி

தவக்காலம் பிறந்தால் எமது பங்குகளிலே திருப்பாடுகளின் காட்சிக்கு ஒத்திகை தொடங்கிவிடும். கிறிஸ்துவாக நடிப்பவர் யார், பிலாத்துவாக வருபவர் யார் என்று ஊரெல்லாம் பேச்சாயிருக்கும். மேடையோரத்தில் இருந்து வாத்தியம் வாசிப்போரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. கோவிலில் ஓர்கன் வாசித்துப் பழகிய பிள்ளையோ, வயலின், மிருதங்கம் பயிலும் பிள்ளையோ முதன்முறையாக அவ்விடத்துக்கு அழைக்கப்படும்போது மகிழ்ச்சியோடு பயமும் உண்டாகிறது. அப்பிள்ளைகளுக்காகவும் அவர்களின் பெற்றோருக்காகவும் இப்பாடம். நாடகத்துக்கு வாசிப்பவர் முதலிற் கற்கவேண்டியது பிறரைக் கேட்பதேயாகும்.

எமது மரபு

பாசையூர், குருநகர், நாவாந்துறை முதலிய கத்தோலிக்க ஊர்களில் நாட்டுக்கூத்து வேரூன்றி வளர்ந்தது. அங்கே அண்ணாவியார் நடிகரின் காலையும் குரலையும் கவனித்தே ஆட்டத்தை நடத்தினார். நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) புகழ்பெறச் செய்த இசைநாடகத்திலும் ஆர்மோனியமும் மிருதங்கமும் பாடுபவரைத் தாங்கி நின்றன. மரியசேவியர் அடிகளார் 1965 இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் காட்சிகளைப் பெருமேடைகளில் வழங்கி, பல கலைஞரை ஒன்றுசேர்த்தது.

மேனாட்டு அரங்குகளில் வாத்தியக் குழுவினர் மேடைக்கு முன்னே தாழ்வான குழியில் இருப்பர். ஜேர்மனியில் 1876 இல் திறக்கப்பட்ட பைறொயித் அரங்கில் அக்குழியும் மேலே மறைக்கப்பட்டது. பார்ப்போரின் கண் மேடையை விட்டு விலகலாகாது என்பதே அதன் நோக்கம். அதே நாட்டின் ஒபரம்மர்கவ் கிராமத்தார், 1633 இல் கொள்ளைநோய்க் காலத்தில் செய்த நேர்த்தியின்படி, 1634 முதல் திருப்பாடுகளை நடித்து வருகின்றனர். அதற்கு இசையமைத்தவர் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியரான றோக்குஸ் டெட்லர். ஊர் மக்களே அங்கு நடிக்கின்றனர். ஊர் மக்களே வாத்தியமும் வாசிக்கின்றனர்.

முதன்முறை வாசிப்பவர் அறியவேண்டியவை

முதலாவது, நாடகப் பிரதியை முழுவதும் வாசியுங்கள். இசை தொடங்குமுன் நடிகர் சொல்லும் கடைசிச் சொல்லைக் கொப்பியில் குறியுங்கள். எங்கே நிறுத்துவது என்பதையும் எழுதுங்கள். ஒத்திகைதோறும் மாற்றம் வரும்; ஆகையால் பென்சிலால் எழுதுவதே நன்று.

இரண்டாவது, சுருதியைப் பாடுபவரின் குரலுக்கேற்ப அமையுங்கள். திறந்தவெளியில் இரவுப் பனி பட்டால் தோல் வாத்தியத்தின் சுருதி இறங்கும்; நரம்பு வாத்தியமும் மாறும். அரைமணி நேரம் முன்னரே வாத்தியங்களை வெளியே கொண்டுவந்து, பின்பு சுருதி சேருங்கள்.

மூன்றாவது, நீட்டவும் குறுக்கவும் பழகுங்கள். ஒத்திகையில் இரண்டு நிமிடத்தில் முடிந்த சிலுவைப்பாதை, சனக்கூட்டம் நிறைந்த மேடையில் மூன்று நிமிடம் எடுக்கலாம். சிறு இசைத்துண்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப வாசித்து, நெறியாளர் கைகாட்டியவுடன் அழகாக முடிக்கத் தெரியவேண்டும்.

நான்காவது, பிழை நேர்ந்தால் நிற்கவேண்டாம். அடுத்த அடியில் மற்றவரோடு சேர்ந்துகொள்ளுங்கள். முகம் சுளிப்பதும், பிழை விட்டவரைத் திரும்பிப் பார்ப்பதும் சபையின் கண்ணை மேடையிலிருந்து இழுத்துவிடும்.

ஐந்தாவது, மௌனத்தை மதியுங்கள். பெரிய வியாழன் திருப்பலியில் உன்னதங்களிலே பாடியபின், பாஸ்குத் திருவிழிப்பில் அது மீண்டும் பாடப்படும்வரை, பாடலுக்குத் துணையாக அன்றி வாத்தியங்களை வாசிப்பதில்லை என்பது திருச்சபையின் ஒழுங்கு. ஆண்டவர் உயிர்விடும் காட்சியில் இவ்வொழுங்கை நினைவுகூருங்கள். அவ்வேளையில் வாத்தியத்தின் மேல் கையை அசையாது வைத்திருப்பதும் வாசிப்பே.

வேதாகமம் காட்டும் வழி

குறிப்பேடு முதல் நூலின் 25 ஆம் அதிகாரத்தைக் குடும்பமாக வாசியுங்கள். ஆண்டவரின் இல்லத்தில் யாழும் சுரமண்டலமும் கைத்தாளமும் இசைக்கத் தாவீது அரசர் ஆசாபு, ஏமான், எதுத்தூன் ஆகியோரின் புதல்வரை ஏற்படுத்தினார். தேர்ச்சி பெற்றோர் 288 பேர். அவர்களின் பணிமுறை சீட்டுப் போட்டே தீர்மானிக்கப்பட்டது. பெரியவர், சிறியவர், ஆசிரியர், மாணவர் என்ற வேறுபாடு அங்கே பார்க்கப்படவில்லை. இன்று முதன்முறை வாசிக்க வரும் பிள்ளைக்கு இதனிலும் ஆறுதலான பகுதி வேறில்லை. புனித பவுலும் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 14 ஆம் அதிகாரத்தில், குழலும் யாழும் தெளிவாக ஒலிக்காவிடில் கேட்போருக்குப் பயனில்லை என்று உணர்த்துகிறார். தெளிவாக வாசிப்பது அயலவர்க்குச் செய்யும் அன்புப்பணியாகிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பதிவு செய்த இசையைக் கணினியிலிருந்து ஒலிக்கவிட்டு நாடகம் போடுவது இன்று இலகுவாகிவிட்டது. செலவு குறைவு, ஒத்திகையும் குறைவு. ஆனால் அந்த இசைக்குக் காத்திருக்கத் தெரியாது. சிலுவை சுமப்பவர் இடறி நின்றாலும் அது ஓடிக்கொண்டேயிருக்கும். நடிகரே அதன் பின்னால் ஓடவேண்டும். அதனிலும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. ஒரு பிள்ளை இருந்து பழகவேண்டிய கதிரை வெறுமையாகிறது. மூத்தவர்களின் அருகிருந்து கேட்டுப் பழகாத தலைமுறையிடம் அடுத்த தவக்காலங்களில் யார் வாத்தியம் எடுப்பது?

படிப்புக் கெட்டுவிடும் என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பே. பங்குத்தந்தையோடும் நெறியாளரோடும் பேசி, ஒத்திகை நாட்களையும் வீடு திரும்பும் நேரத்தையும் முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். சோதனைக் காலமாயின் ஒரு காட்சிக்கு மட்டும் வாசிக்கட்டும். நாடகம் முடிந்து எல்லோரும் நடிகரைப் பாராட்டும்போது, வாத்தியத்தை உறையிலிடும் பிள்ளையிடம் சென்று, "நல்லாய் வாசிச்சாய்" என்று ஒரு சொல் சொல்லுங்கள்.

சிந்தனைக்கு

1. எமது பங்கில் வாத்தியம் பயிலும் பிள்ளைகள் யார்? அவர்களுக்கு இடம் கொடுக்கிறோமா?

2. பிறர் பேசும்போது காத்திருந்து கேட்கும் பழக்கம் எமது வீட்டில் உண்டா?

3. புகழ் கிடையாத பணியொன்றை இத்தவக்காலத்தில் எமது குடும்பம் ஏற்க முடியுமா?