சுருக்குக் கம்பியில் சிறுத்தை: தோட்டத்தில் செய்ய வேண்டியவை

நமுனுகுல மலைச்சரிவில் காடு முடிகிற இடத்திலேயே தேயிலை தொடங்கிவிடுகிறது. இப்படிப்பட்ட ஓரங்களில் பன்றிக்கென்று வைக்கும் சுருக்கில் சிறுத்தையும் மாட்டிக்கொள்ளும். 2020 மே மாதம் நல்லதண்ணி, லக்ஷபான தோட்டத்தில் கழுத்தில் கம்பி இறுகிய கருஞ்சிறுத்தையை உயிரோடு மீட்டு, சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். 29ஆம் திகதி அது செத்துப்போனது. உங்கள் மலையில் இப்படி ஒன்றைக் கண்டால்:

1. முதுகைக் காட்டி ஓடாமல், மெதுவாகப் பின்னால் நகருங்கள். துள்ளுகிற வேகத்தில் கம்பி அறுந்துவிடலாம், கட்டிய முளையும் பிடுங்கிக்கொள்ளலாம். பக்கத்து நிரைகளில் கொழுந்து எடுப்பவர்களையும் வெளியே அனுப்புங்கள்.

2. வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள். தோட்டம், டிவிஷன், மலை நம்பர், கம்பி இறுகியிருப்பது கழுத்திலா இடுப்பிலா காலிலா என்று சொல்லுங்கள். வாகனத்துக்கு வழிகாட்ட ஒருவர் பாதையில் நிற்கட்டும்.

3. கூட்டம் சேர விடாதீர்கள். சத்தம் கேட்கக் கேட்க அது இழுக்கும். இழுக்க இழுக்கக் கம்பி சதைக்குள் இறங்கும். வீடியோ எடுக்கக் கிட்டப் போவது, வெடி கொளுத்துவது, கல்லெறிவது எதுவும் வேண்டாம். நாய்களைக் கட்டிப்போடுங்கள்.

4. கம்பியை நீங்கள் வெட்ட வேண்டாம். மிருக வைத்தியர் மயக்க ஊசி போட்ட பிறகுதான் அதைக் கழற்ற முடியும். இடுப்பில் இறுகியிருந்தால் வெளியே கீறல்கூடத் தெரியாமல், உள்ளே குடலும் சிறுநீரகமும் கெட்டிருக்கலாம். அப்படியே அவிழ்த்துவிட்டால் காட்டுக்குள் போய்ச் செத்துவிடலாம்.

5. யாரையாவது கீறியிருந்தால், கடித்திருந்தால், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். 1990 அம்புலன்ஸை அழையுங்கள். விசர்நாய்க்கடி ஊசி தேவையா என்று ஆஸ்பத்திரியில் கட்டாயம் கேளுங்கள்.

6. சிறுத்தையைக் கொண்டுபோன பிறகு அந்த ஓரம் முழுவதையும் அதிகாரிகளோடு சேர்ந்து தேடுங்கள். ஒரு சுருக்கு இருந்தால் பக்கத்திலேயே வேறும் இருக்கலாம். மிலாறு அடுக்கிய வேலியில் வேண்டுமென்றே விட்ட சந்து, அதில் தொங்கும் கிளச் கேபிள் வளையம், மறுமுனை கட்டிய கொய்யா மரம் அல்லது தேயிலைத் தூர்: இவைதான் அடையாளம்.

மரக்கறிப் பாத்திக்குப் பன்றித் தொல்லை உண்மைதான். அதற்குத் தகர வேலி போடலாம், இரவுக் காவல் இருக்கலாம். சுருக்குக்கோ பன்றி, சிறுத்தை, மரை, வீட்டு நாய் என்ற பேதம் கிடையாது. விறகுக்குப் போகிறவரின் காலையும் அது பிடிக்கும்.