கியர்டு மோட்டாரும் அதன் எண்ணெயும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கர்நாடக, ஆந்திர எல்லைகளை அடுத்துள்ள வேப்பனப்பள்ளி வட்டாரத்திலிருந்து ஓசூர் சிப்காட் வரையில், மாங்கூழ் ஆலையானாலும் கருங்கல் பட்டறையானாலும், எங்கே ஒரு கன்வேயர் ஊர்கிறதோ அங்கே, நிமிஷத்துக்குச் சுமார் 1,440 முறை சுழலும் மோட்டாரின் வேகத்தை 20, 30 சுற்றுகளாகத் தணித்துத் தருகிற கியர்டு மோட்டார் ஒன்று பெரும்பாலும் இருக்கும். மோட்டாரும் கியர் பெட்டியும் ஒரே உடலாய் இணைந்த இந்த யந்திரத்தைப் பற்றித் தொழிற்கூடங்களில் நிலவுகிற சில அபிப்பிராயங்கள், மின்கட்டணத்திலும் காயில் கட்டும் செலவிலும் நமக்குப் பெருநஷ்டத்தை விளைவித்து வருகின்றன.

நம்பிக்கை: கியர் போட்டால் சக்தி கூடும்.

கூடுவது முறுக்கு விசையே. சக்தியோ, பல்லோடு பல் உராயும் ஒவ்வொரு கட்டத்திலும் சிறிது உஷ்ணமாகிக் குறைகிறது. சாய்பல் கொண்ட ஹெலிகல் கியரில் ஒரு கட்டத்துக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 2 பங்குதான் விரயம். திருகுபோல் வழுக்கிச் சுழலும் வார்ம் கியரிலோ, வேகக் குறைப்பு அதிகமாக அதிகமாக, நூற்றுக்கு 30 பங்கும் அதற்கு மேலும் போய்விடும். 2 குதிரைச் சக்தி, அதாவது சுமார் 1.5 கிலோவாட், எடுத்துக்கொள்ளும் வார்ம் கியர்டு மோட்டார் ஒன்று 450 வாட்டை இப்படி இழக்குமானால், நாளொன்றுக்கு 16 மணி நேர ஓட்டத்தில் 7 யூனிட்டுக்கு மேல் பெட்டியைச் சூடாக்குவதற்கே செலவாகிறது. இரண்டு கட்ட ஹெலிகலில் அதே நஷ்டம் ஒரு யூனிட்டுக்குள் அடங்கும். வாங்கும்போது கிரயத்தை மட்டும் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: எண்ணெய் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது.

மிகுந்த தீங்கு செய்வது இதுவே. இடுப்பளவு நீரில் நடப்பவனைப்போல, எண்ணெயில் ஆழ மூழ்கிய பற்சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் அதைக் கிழித்துக்கொண்டு செல்ல வேண்டியிருப்பதால், கன்வேயரில் பாரமே இல்லாத வேளையிலும் அந்த விரயம் இடைவிடாது நடக்கிறது. கடைந்த எண்ணெய் நுரைக்கிறது. நுரை பற்களுக்கு இடையே உறுதியான படலமாக நிற்பதில்லை. உள்ளே உஷ்ணமும் அழுத்தமும் ஏறி, பெட்டி மூச்சுவிடும் துவாரமான பிரீதர் அடைத்திருந்தால், வெளியேற வழியில்லாமல் ஆயில் சீலை முட்டுகின்றன. மோட்டாரையும் கியரையும் பிரிப்பது அந்தச் சிறு ரப்பர் வளையமே ஆதலால், அது தளர்ந்தால் எண்ணெய் வைண்டிங்கில் இறங்குகிறது. பிறகு காயில் எரிந்துவிட்டது என்று மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போகிறவர்கள், பெட்டியில் எவ்வளவு எண்ணெய் இருந்தது என்று பார்ப்பதேயில்லை.

அளவு என்பது படுக்கையாகப் பொருத்திய பெட்டிக்கு ஒன்று, செங்குத்தாக நிறுத்தியதற்கு வேறொன்று. இரண்டுக்கும் இடையே இரு மடங்குக்கு மேலும் வித்தியாசம் இருக்கக்கூடும். யந்திரத்தின் பெயர்ப்பலகையிலேயே பொருத்தும் நிலையும் எண்ணெயின் வகையும் லிட்டர் அளவும் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். யந்திரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, லெவல் பிளக்கைத் திறந்தால், எண்ணெய் துவாரத்தின் விளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும், அவ்வளவே.

நம்பிக்கை: கெட்டியான எண்ணெய்தான் பாதுகாப்பு.

டப்பாவின் மேல் 220 என்றும் 460 என்றும் அச்சிட்டிருப்பது, 40 டிகிரி செல்சியஸில் அந்த எண்ணெயின் பிசுக்குமை. ஹெலிகலுக்குப் பொதுவாக 220 போதும். வழுக்கல் மிகுந்த வார்ம் கியருக்கு 460, 680 தேவைப்படும். இருப்பதைக்கொண்டு நிரப்புவது இரண்டையும் கெடுக்கும். பாலிகிளைக்கால் வகைச் செயற்கை எண்ணெயோடு கனிம எண்ணெய் சேரவே சேராது. கந்தகக் கூட்டுப்பொருள் கலந்த சில எண்ணெய்கள், உஷ்ணம் ஏறிய நிலையில் வார்ம் சக்கரத்தின் வெண்கலத்தை அரித்துவிடவும் கூடும்.

நம்பிக்கை: ஓடாத யந்திரத்துக்கு எண்ணெய் மாற்ற வேண்டாம்.

பெங்களூரா மாம்பழம் வரத்துள்ள சில மாதங்கள் மட்டுமே இரவு பகலாக ஓடி, மிச்ச நாளெல்லாம் உறங்கும் மாங்கூழ் ஆலைகளில் இது வேரூன்றிய எண்ணம். பகலின் வெயிலிலும் இரவின் குளிரிலும் பெட்டிக்குள் காற்று விரிந்து சுருங்கி, பிரீதர் வழியே ஈரத்தை உள்ளிழுக்கிறது. கழுவும் நீரும் அதோடு சேர்கிறது. பால்போல் வெளுத்த எண்ணெய் அதன் அடையாளம். பேரிங்குக்குத் துரு அதன் பலன். பழக்கூழுக்கு மேலே நிற்கும் பெட்டிகளுக்கு உணவுத் தொழிலுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட எண்ணெயை இடுவதும் அவசியம்.

மின்வாகனத்துக்கு எண்ணெயே வேண்டாம் என்பதும், ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்ஸ்கூட்டர்கள் உற்பத்தியாகும் இந்நாளில் காதில் விழுகிறது. சக்கரத்துக்குள்ளேயே மோட்டாரை நேராகப் பொருத்திய ஸ்கூட்டருக்கு அது சரி. மின்காரில் என்ஜின் ஆயில்தான் இல்லை, வேகத்தைத் தணிக்கும் கியர் பெட்டியும் அதற்குரிய எண்ணெயும் உண்டு.

ஆலை உரிமையாளர்களும் ஃபிட்டர்களும், அடுத்த மாம்பழப் பருவத்துக்கு முன்னால், ஒவ்வொரு கியர்டு மோட்டாரின் பெயர்ப்பலகையையும் துடைத்துப் படித்து, பிரீதரின் அடைப்பை நீக்கி, பழைய எண்ணெயை வடித்துவிட்டுக் குறித்த வகையைக் குறித்த அளவில் நிரப்புமாறு வேண்டுகிறேன்.