கரன்ட் வைத்த தாடையில் கை வைக்கும் முன்

வாய்ப்புற்றுக்கு அறுவையும் கதிர்வீச்சும் முடித்து, பல்லில்லாமல் வந்து உட்காருகிறவர்களை நீங்கள் அடிக்கடி பார்க்கப்போகிறீர்கள். நம் நாட்டு ஆண்களைப் பிடிக்கும் புற்றுகளில் வாய்ப்புற்று முன்வரிசையில் நிற்கிறது. எம்.டி.எஸ். முடித்து இப்போதுதான் இம்ப்ளான்ட் வைக்கத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்குச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

1. கேஸ் ஷீட்டை மட்டும் நம்பாதீர்கள். பத்து வருடம் ஆகிவிட்டால் "அதெல்லாம் அப்பவே சரியாப் போச்சு டாக்டர்" என்று கதிர்வீச்சைச் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். "கழுத்துல, முகத்துல கரன்ட் வச்சாங்களா?" என்று நேராகக் கேளுங்கள். கழுத்தைத் தொட்டும் பாருங்கள். கதிர் பட்ட தோல் பெரும்பாலும் இறுகியிருக்கும், அந்தப் பக்கம் தாடி சரியாக முளைத்திருக்காது.

2. வைத்தார்கள் என்றால், எங்கே, எவ்வளவு? நாளுக்கு 2 கிரே வீதம் ஆறேழு வாரத்தில் 60 முதல் 70 கிரே என்பது வழக்கம். டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த எண் மட்டும்தான் இருக்கும். அது கட்டிக்குக் கொடுத்த அளவு. நீங்கள் துளையிடப்போகும் எலும்பு வாங்கியது எவ்வளவு என்பது வேறு கேள்வி. குரல்வளைப் புற்றுக்காரரின் முன்தாடைக்குக் கொஞ்சமே போயிருக்கலாம்; நாக்குப் புற்றுக்காரரின் கடைவாய்ப் பகுதி முழு அடியையும் வாங்கியிருக்கலாம். கதிர்வீச்சு மருத்துவரைக் கூப்பிட்டு டோஸ் பிளானைக் கேளுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். 50 கிரேக்கு மேல் வாங்கிய எலும்பு என்றால் டிரில்லைக் கீழே வைத்துவிட்டு ஒருமுறை யோசியுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தும் பயனில்லை.

3. "கதிர் வாங்கியவருக்கு இம்ப்ளான்ட்டே கூடாது" என்ற காலம் போய்விட்டது. நல்ல எலும்பில் வைப்பதைவிடத் தோற்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனாலும் பெரும்பாலானவை நிற்கின்றன. பயிற்சி வகுப்புகளில் காட்டும் சதவீதக் கணக்கில் மட்டும் மயங்காதீர்கள். 'நிற்கிறது' என்றால் வாயில் இருக்கிறது என்று மட்டுமே பொருள். சுற்றிலும் எலும்பு கரைந்து, சீழ் வைத்து, மேலே பல் கட்டவே முடியாமல் கிடப்பதும் அந்தக் கணக்கில் சேரும்.

4. மேல்தாடையில் இம்ப்ளான்ட் போகும். கீழ்த்தாடையில் தாடையே போகும். கதிர் பட்ட மேல்தாடையில் இம்ப்ளான்ட் அதிகம் கழல்கிறது. ஆனால் எலும்பு செத்து வெளியே தெரியும் ஆஸ்டியோரேடியோநெக்ரோசிஸ் பெரும்பாலும் கீழ்த்தாடையைத்தான் பிடிக்கும். அது கெட்டியான எலும்பு, இரத்தம் வரும் வழிகளும் குறைவு. கதிர் அந்தச் சிறு குழாய்களையும் எலும்பு கட்டும் செல்களையும் கெடுத்துவிடுகிறது. வருடங்கள் ஓடினால் பழையபடி ஆகிவிடும் என்று கணக்குப் போடாதீர்கள்.

5. பிடுங்க வேண்டிய பல்லைக் கதிர்வீச்சு தொடங்க இரண்டு மூன்று வாரம் முன்பே பிடுங்கிவிட வேண்டும். இம்ப்ளான்ட்டுக்குக் கதிர் முடிந்து ஆறு மாதமாவது பொறுங்கள். நான் ஒரு வருடம் என்பேன். வைத்த பிறகும் மேலே பல் கட்ட அவசரம் வேண்டாம்.

6. ஹைபர்பேரிக் ஆக்சிஜன் கேட்டு வருவார்கள். 1985-ல் ராபர்ட் மார்க்ஸ் குழு, கதிர் பட்ட கீழ்த்தாடையில் பல் பிடுங்கியவர்களைப் பார்த்தது: பென்சிலின் மட்டும் பெற்றவர்களில் ஏறக்குறைய 30 சதவீதத்தினருக்கு எலும்பு செத்தது; ஆக்சிஜன் பெற்றவர்களில் 5.4 சதவீதம். அதிலிருந்து முன்னால் 20 அமர்வு, பின்னால் 10 என்பது வேதவாக்காகிவிட்டது. 2019-ல் வெளியான ஹோபான் ஆய்வில் எலும்பு செத்தது ஆக்சிஜன் பெற்றவர்களில் 6.4 சதவீதம், பெறாதவர்களில் 5.7 சதவீதம். வித்தியாசமே இல்லை. ஏழைக் குடும்பத்தை முப்பது நாள் அந்த ஆக்சிஜன் அறைக்கு அலையவிட எனக்கு மனம் வராது.

7. வாய் எவ்வளவு திறக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 35 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் பின்பக்கம் ஹேண்ட்பீஸ் நுழைவதே சிரமம். முதலில் வாய் திறக்கும் பயிற்சி, பிறகுதான் மற்றது.

8. புகையிலையை விடாதவருக்கு வைக்காதீர்கள். இதில் பேரம் கிடையாது.

9. எலும்புக்கு ஊசி போட்டார்களா என்றும் கேளுங்கள். சோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் இரண்டும் தாடையைத் தனியாகவே கெடுக்கக்கூடியவை.

10. இவ்வளவும் பார்த்த பிறகு, "உங்களுக்கு இம்ப்ளான்ட் வேண்டாம்" என்று சொல்ல நேர்ந்தால் சொல்லிவிடுங்கள். எச்சில் வற்றிய வாயில் கழற்றி மாட்டும் பல் செட் உரசிப் புண்ணாக்கும் என்பது உண்மைதான். அதனால்தான் அவர்கள் நம்மிடம் வருகிறார்கள். ஆனாலும் 65 கிரே வாங்கிய கடைவாய் எலும்பில் துளையிடுவதைவிட, பார்த்துப் பார்த்துச் செதுக்கிய பல் செட் மேல்.

11. வைத்தவர்களை வாழ்நாள் முழுக்க வரச்சொல்லுங்கள். எலும்பு சாவது பல வருடம் கழித்தும் வரும். ஈறு ஆறாமல் எலும்பு வெளியே தெரிந்தால் நீங்களே சுரண்டிப் பார்க்க வேண்டாம். புற்று திரும்பியிருக்கவும் கூடும். எக்ஸ்ரே எடுத்து, அன்றைக்கே வாய்முக அறுவை நிபுணரிடமும் அவருடைய புற்றுநோய் மருத்துவரிடமும் அனுப்பிவிடுங்கள்.