காப்பிக்கொட்டை வறுத்தலும் எடைக் கணக்கும்

சேத்தியாத்தோப்பில் அங்கத்தினர் ஒருவர் நம்மிடம் ஒரு குறை கூறினார். ஒரு கிலோ பச்சைக் காப்பிக்கொட்டையை வறுக்கக் கொடுத்தாராம். திரும்பி வந்தது 840 கிராம். மீதியைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார் என்பது அவர் ஐயம். அவர் எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அளிப்பவர். வெட்டிய கரும்பு வயலில் கிடந்தால் எடை குறையும் என்பதை நன்கறிந்தவர். காப்பிக்கொட்டைக்கும் அவ்விதி உண்டென அவர் எண்ணவில்லை. ஆகவே அவர் வீட்டு அடுப்பிலேயே வறுத்து நிறுத்துப் பார்த்தோம். அம்முறையை அங்கத்தினர் யாவரும் அறிதல் நலம்.

முதலில் கல், கருங்கொட்டை, உடைந்தவை ஆகியவற்றைப் பொறுக்கி நீக்குக. கனத்த இரும்பு வாணலியைச் சூடாக்கி, 250 கிராம் கொட்டையை இட்டு, நடுத்தரத் தீயில் கை ஓயாது கிளறுக. பசுமை மாறி மஞ்சளாகும். வைக்கோல் மணம் எழும். பிறகு பழுப்பேறி மெல்லிய உமி பிரியும். சூடு ஏறக்குறைய 200 டிகிரி சென்டிகிரேடை எட்டுகையில் கொட்டைகள் படபடவென வெடிக்கும். அவ்வொலி அடங்கி, விரும்பிய நிறம் வந்ததும் உடனே இறக்குக. வாணலியிலேயே விட்டால் அதன் சூட்டில் மேலும் கருகும். முறத்தில் பரப்பி, விசிறி ஆற்றி, உமியைப் புடைத்து அகற்றுக. புகை எழுமாதலால் சன்னல்களைத் திறந்து வைத்தல் அவசியம்.

ஆறியபின் நிறுத்தோம், 209 கிராம் இருந்தது. குறைந்த 41 கிராமை யாரும் எடுக்கவில்லை. பச்சைக் கொட்டையில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு நீர் உண்டு. அது ஆவியாகிறது, உமி பறக்கிறது, ஒரு பகுதி வாயுவாகிறது. வறுப்புக்கேற்ப 14 முதல் 20 சதவிகிதம் வரை எடை குறைவது இயல்பு. நூலை நிறுத்து வாங்கித் துணியை நிறுத்துக் கொடுக்கும் நெசவாளர்க்குச் சேதாரம் என்பது புதிதன்று.

விலையையும் இவ்வாறே கணிக்க வேண்டும். பச்சைக் கொட்டை கிலோ ரூ.500 எனக் கொள்வோம். 840 கிராமே தேறுவதால், வறுத்த கொட்டை கிலோவுக்கு அடக்கம் ரூ.595 ஆகும்; எரிபொருள் தனி. கடைத்தூளுடன் ஒப்பிடுமுன் அதன் உறையைப் படியுங்கள். காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவிகிதத்துக்குக் குறையலாகாது என்பதும், கலப்பின் அளவை அச்சிட வேண்டும் என்பதும் விதி. 60 சதவிகிதம் காப்பியுள்ள தூள் ஒரு கிலோ வாங்கினால், நாம் பெறும் காப்பி 600 கிராமே. சிக்கரிச் சுவையை விரும்புவோர் அதனைத் தனியே வாங்கி, வேண்டிய அளவு சேர்க்கலாம்.

பச்சைக் கொட்டை ஈரம்படாதிருப்பின் பல மாதங்கள் கெடாது. வறுத்தது சில வாரங்களிலும், அரைத்தது சில நாட்களிலும் மணம் இழக்கும். எனவே வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வறுத்து, அன்றாடம் அரைத்தலே சிக்கனம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூட்டையைத் தரையில் வையாது பலகைமீது ஏற்றுக.

1942 முதல் பல்லாண்டுகள் காப்பிச் சாகுபடியாளர் தம் விளைச்சலைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டியிருந்தது. 1996-இல் அக்கட்டு முற்றிலும் நீங்கியது. ஆதலின் பத்துக் குடும்பங்கள் கூடி, ஏற்காட்டிலோ கீழ்ப்பழனி மலையிலோ உள்ள சாகுபடியாளரிடம் ஒரு மூட்டையை நேரே வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம்.

நம் அங்கத்தினர் மறுநாளே கடைக்காரரைக் கண்டு, தாம் ஐயுற்றதற்கு வருந்தினார். தராசை நம்புவதுடன், தராசு காட்டும் குறைவின் காரணத்தையும் அறிந்துவிட்டால், அண்டை அயலாரிடம் வீண்பகை நேராது.