முதல் காய்ச்சலுக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை

மென்டர் பட்டியல் இல்லாத கல்லூரி இன்று அபூர்வம். நாக் (NAAC) தர மதிப்பீட்டுக் குழு வந்தால் காட்ட வேண்டுமே! திருப்பதியிலோ சித்தூரிலோ நீங்கள் புதிதாக விரிவுரையாளராகவோ விடுதி வார்டனாகவோ சேர்ந்திருந்தால், அந்தப் பட்டியலில் உங்கள் பெயருக்கு நேராகவும் இருபது, முப்பது மாணவர்கள் இருப்பார்கள். கொரோனா போல இன்னொரு தொற்று வந்தால் கைகொடுக்கப் போவது அந்தத் தாள்தான். வெபினாரும் விழிப்புணர்வு போஸ்டரும் அதற்குப் பிறகுதான்.

முதல் வேலையாக, ஒவ்வொரு மாணவர் பெயருக்கும் பக்கத்தில் மூன்று விவரங்கள் எழுதுங்கள்: வீடு எந்த மாநிலம், வீட்டில் என்ன மொழி, குடும்பத்துக்கு வருமானம் எதிலிருந்து.

மாநிலம் எதற்கு? 2020 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். வேலூர் மாவட்ட நிர்வாகம் குடியாத்தம் பக்கம் சைனகுண்டாவில், சித்தூர் மாவட்டத்துக்குப் போகும் சாலையின் குறுக்கே சுவரே கட்டிவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் இடித்தார்கள், ஆனால் இ-பாஸ் கெடுபிடி நீடித்தது. சாதாரண நாளில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் வீடு சேரும் வேலூர் பையன், எல்லை மூடினால் உங்கள் பொறுப்பு. ‘எல்லோரும் காலி செய்யுங்கள்’ என்று அறிவிப்பு ஒட்டும் முன், போக முடியாதவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வருமானத்தைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள். 2020 மார்ச் 20-லிருந்து ஜூன் தொடக்கம் வரை திருமலையில் பக்தர்களுக்குத் தரிசனம் இல்லை. யாத்ரீகர்களை நம்பிப் பிழைக்கும் ஊர் திருப்பதி. மலைக்கு ஜீப் ஓட்டுகிறவர், லாட்ஜில் வேலை பார்ப்பவர், பூ விற்பவர், எல்லோருடைய வீட்டிலும் அந்த மாதங்களில் வரவு நின்றது. நகரி, புத்தூர்ப் பக்கம் விசைத்தறியை நம்பிய வீடுகளும் உண்டு. இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை ஆன்லைன் வகுப்புக்கு வரவில்லை என்றால், சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டாதீர்கள். வீட்டில் இருப்பதே ஒரு போனாக இருக்கலாம், அதைத் தம்பியும் கேட்டுக்கொண்டிருக்கலாம். வருகைப் பதிவைப் பிறகு பார்க்கலாம். கட்டணத்துக்கு அவகாசம் கேட்டு கல்லூரி முதல்வருக்கு இரண்டு வரி எழுதிக் கொடுப்பது அதைவிடப் பெரிய உதவி.

மொழி விஷயத்தை அலுவலகம் கவனிப்பதே இல்லை. குப்பம், நகரி, சத்தியவேடு பகுதிகளில் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் ஏராளம். பாடத்தைத் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ சமாளித்துவிடுவார்கள். பயத்தைச் சொல்லும்போது வீட்டு மொழிதான் வரும். உங்களுக்குத் தமிழ் வராவிட்டால், தமிழ் பேசும் சக ஆசிரியர் ஒருவரிடம் அந்த மாணவர்களை மாற்றிவிடுங்கள்.

மாணவர் ஒவ்வொருவரையும் வாரம் ஒரு முறை போனில் கூப்பிடுங்கள். “எப்படி இருக்கே?” என்று ஆரம்பித்தால் “நல்லாருக்கேன் சார்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். “மதியம் என்னம்மா சாப்பிட்டே? ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினே? கடைசியா யார்கூடப் பேசினே?” என்று கேளுங்கள். பதில்கள் வாரத்துக்கு வாரம் மாறுவதைக் குறித்து வையுங்கள். ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்பது போல ஏதாவது காதில் விழுந்தால், தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் இணைப்பைத் துண்டிக்காதீர்கள். அவர் பக்கத்தில் ஒரு ஆளை இருக்கச் செய்துவிட்டு டெலி-மனஸ் எண்ணான 14416-ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். 2022 அக்டோபரில்தான் இந்தச் சேவை வந்தது. கொரோனா முதல் அலையின்போது இது இல்லை.

இனி உடம்பு. 2021 மே 10 இரவு திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் ஆக்ஸிஜன் டேங்கர் வரத் தாமதமாகி 11 கொரோனா நோயாளிகள் இறந்தார்கள். டேங்கர் வர வேண்டியது ஸ்ரீபெரும்புதூரிலிருந்து. ரூயா, ஸ்விம்ஸ் என்று பெரிய மருத்துவமனைகள் இருக்கும் ஊரிலேயே இது நடந்தது. நெருக்கடி முற்றிய பிறகு படுக்கை தேடுவதைப் போல ஆபத்து வேறில்லை. அதனால் விடுதியில் தெர்மாமீட்டரும் இரண்டு ஆக்ஸிமீட்டரும் இப்போதே வாங்கி வையுங்கள். கொரோனா மாதிரி மூச்சைப் பிடிக்கும் நோயில் ஆக்ஸிஜன் அளவு 94-க்குக் கீழே நின்றால் காலைவரை காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். தனியாகக் கழிப்பறையும் ஜன்னலும் உள்ள இரண்டு அறைகளைக் காலியாக ஒதுக்குங்கள். திருப்பதி தேவஸ்தானமே ஸ்ரீநிவாசம், விஷ்ணு நிவாசம் விடுதிகளைக் கொரோனாப் பராமரிப்புக்குத் திறந்துவிட்ட ஊர் இது. உங்களால் இரண்டு அறை முடியாதா?

காய்ச்சல் வந்தவர் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போடுவது அநியாயம். ஒரு முறை போட்டால் அடுத்த பத்துப் பேர் காய்ச்சலை மறைப்பார்கள், தொற்று விடுதி முழுக்கப் பரவும்.

உங்கள் நேரத்துக்கும் வரம்பு வையுங்கள். இரவு அழைப்புகளை மூன்று ஆசிரியர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே வார்டன் தலையில் கட்டும் நிர்வாகத்திடம் மறுத்துப் பேச இப்போது சட்டமும் துணைக்கு இருக்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி பெற்ற மாணவி ஒருவரின் மரணத்தையொட்டிய வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் வழிகாட்டுதல்கள் தந்தது. அதன்படி 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனத்தில் தகுதி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும். ஊழியர்களுக்கு ஆண்டுக்கு இரு முறை பயிற்சி தர வேண்டும். உதவி எண்கள் விடுதியிலும் வகுப்பறையிலும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

உங்கள் கல்லூரியில் அந்த ஆலோசகர் யார், எந்த அறையில், எத்தனை மணிக்கு இருப்பார் என்று முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.